தமிழ்நாட்டு ரேஷன் கடை: அரிசி, எடை, வரிசை, வளர்ச்சி

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வசதியுள்ளவரிடமிருந்து வசதியற்றவருக்கு வருமானத்தைக் கொண்டுசேர்க்கும் அரசுச் சேவைகளில், நம்பிப் போகக்கூடிய ஒன்று தமிழ்நாட்டு ரேஷன் கடை. அரிசிக்கு நல்ல மதிப்பெண். பருப்புக்குப் பாதி. எடைக்கு அதைவிடக் குறைவு. பெரிய கோளாறு கடையில் இல்லை, கடையை நடத்தப் பணம் திரட்டும் முறையில் இருக்கிறது. "இலவசம் கொடுத்தால் நாடு முன்னேறாது" என்ற வாதத்தைச் சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. 34,000-க்கும் மேற்பட்ட கடைகள், 2 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகள், 2011 ஜூன் 1 முதல் விலையில்லா அரிசி. சோதனைக் காலமும் போதுமானது, அளவும் போதுமானது.

மாதாமாதம் பையில் என்ன விழுகிறது என்று பார்ப்போம். முன்னுரிமையற்ற அட்டைக்கு (ஒன்றிய அரசின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சேராத குடும்பங்களுக்கானது) அரிசி அலகுக் கணக்கில் வரும். பெரியவர் ஒருவர் ஓர் அலகு, குழந்தை அரை அலகு. ஓர் அலகுக்கு 12 கிலோ, இரண்டுக்கு 16, மூன்றும் அதற்கு மேலும் 20 கிலோ. முன்னுரிமை அட்டையில் தலைக்கு 5 கிலோ என்பதால் ஐந்து பேர் இருந்தால் 25 கிலோ கிடைக்கும். பரம ஏழைகளுக்கான அந்தியோதயா அட்டைக்கு 35 கிலோ. துவரம் பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய். சர்க்கரை தலைக்கு அரைக் கிலோ வீதம் அதிகபட்சம் 2 கிலோ, கிலோ 25 ரூபாய் (அந்தியோதயாவுக்கு 13 ரூபாய் 50 காசு). அரிசியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துக் கோதுமை வாங்கலாம், இருப்பு இருந்தால்.

இதைப் பணமாக்கிப் பார்க்கலாம். வெளிக்கடையில் சாப்பாட்டு அரிசி கிலோ 40, பருப்பு 120, எண்ணெய் 120, சர்க்கரை 45 என்று வைத்துக்கொள்வோம். 20 கிலோ அரிசியில் 800 ரூபாய் மிச்சம். பருப்பில் 90, எண்ணெயில் 95, சர்க்கரையில் 40. ஆகமொத்தம் மாதம் 1,025 ரூபாய். மாதம் 12,000 ரூபாயில் ஓடும் குடும்பத்துக்கு இது செலவில் எட்டரை சதவீதம். 60,000 ரூபாயில் ஓடும் குடும்பத்துக்கு 1.7 சதவீதம். எல்லோருக்கும் ஒரே பையைக் கொடுத்தாலும் ஏழைக்கே அதிகம் போய்ச் சேருகிறது என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

வசதியானவர்கள் தாமாகவே ஒதுங்குவதும் இதற்குத் துணை. வேகவைத்தால் சற்றுத் தடிப்பாக வரும் புழுங்கலரிசிக்காக ஒரு மணி நேரம் நிற்க மனமில்லாதவர் அரிசி இல்லாத சர்க்கரை அட்டைக்கு மாறிவிடுகிறார். அதிலும் ஆர்வமில்லாதவர் எப்பொருளும் வேண்டாத அட்டையை வைத்துக்கொண்டு அதை முகவரிச் சான்றாக மட்டும் பயன்படுத்துகிறார். எந்த அதிகாரியும் வீடு வீடாகப் போய் வருமானத்தைத் துருவிக் கேட்க வேண்டியதில்லை. அரிசியின் தரமும் வரிசையும் அந்த வடிகட்டலைச் செய்துவிடுகின்றன.

ஒன்றிய அரசு 1997 ஜூனில் வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று ரேஷனைப் பிரித்தபோது தமிழ்நாடு அந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 2016 நவம்பர் 1-இல் சேர்ந்தபோதும் அதே நிலைதான். அந்தச் சட்டப்படி தமிழ்நாட்டுக் கிராமங்களில் 62.55 சதவீதம் பேருக்கும் நகரங்களில் 37.79 சதவீதம் பேருக்கும்தான் ஒன்றியத் தொகுப்பிலிருந்து தானியம் வரும். மீதிப் பேருக்கான அரிசிச் செலவை மாநிலம் சுமக்கிறது. இது வீண் செலவு என்பவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். கட்டடத் தொழிலாளி, தையல்காரர், ஆட்டோ ஓட்டுநர் ஆகியோரின் வருமானம் மாதத்துக்கு மாதம் மாறுவது. மார்ச்சில் கோட்டுக்கு மேலே இருப்பவர் மழைக்காலத்தில் கீழே போய்விடுவார். எந்தக் கணக்கெடுப்பும் அவர் பின்னால் ஓடிப் பிடிக்க முடியாது. பட்டியல் போட்டால் விடுபடுவது இவர்கள்தான்.

1975-இல் ஆர்தர் ஓகுன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர், பணக்காரரிடமிருந்து ஏழைக்கு ஓட்டை வாளியில் தண்ணீர் கொண்டுபோவது போன்றது மறுபங்கீடு என்றார். வழியில் எவ்வளவு சிந்துகிறது என்பதைப் பார்த்துத்தான் அது தகுமா தகாதா என்று முடிவு செய்ய வேண்டும் என்பது அவர் கேள்வி. ரேஷனுக்கு அந்தக் கேள்வியை அப்படியே போடலாம். 2011-12 தேசிய மாதிரி ஆய்வுத் தரவை வைத்து ழான் திரேஸ், ரீத்திகா கேரா செய்த கணக்கில் இந்தியா முழுமைக்கும் ரேஷன் தானியத்தில் 41.7 சதவீதம் மக்களைச் சென்றடையவில்லை. தமிழ்நாட்டில் சிந்தியது அதைவிட வெகு குறைவு. அதே இருவர் 2009-10 தரவில் இன்னொன்றையும் பார்த்தார்கள். ஏழைகள் வறுமைக் கோட்டுக்கு எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறார்கள் என்பதைக் காட்டும் வறுமை இடைவெளியைக் கிராமப்புற இந்தியாவில் ரேஷன் 18 முதல் 22 சதவீதம் வரை குறைத்திருந்தது. தமிழ்நாட்டில் 61 முதல் 83 சதவீதம் வரை. கடை ஒழுங்காகத் திறந்து, எல்லோருக்கும் அட்டை இருந்து, விலை அடிமட்டத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பதை இந்த இரண்டு எண்களுக்கும் நடுவிலுள்ள தூரம் சொல்கிறது.

இனி வளர்ச்சி. ஏற்றத்தாழ்வு அதிகரித்தால் பணக்காரர் சேமிப்பார், சேமிப்பு முதலீடாகும், முதலீடு வளர்ச்சியாகும் என்பது பழைய பாடம். 2014-இல் பன்னாட்டு நாணய நிதியத்தின் ஆய்வாளர்கள் ஆஸ்ட்ரி, பெர்க், சாங்கரிடிஸ் மூவரும் பல நாடுகளின் தரவை ஒப்பிட்டபோது வேறு படம் கிடைத்தது. வரிக்கும் உதவித்தொகைக்கும் பிறகு ஏற்றத்தாழ்வு குறைவாக உள்ள நாடுகள் வேகமாகவும் நீடித்தும் வளர்ந்திருந்தன. மறுபங்கீடு மிகத் தீவிரமாகப் போன நாடுகளை விட்டால் மற்ற இடங்களில் அது வளர்ச்சியைக் கெடுத்ததற்கு அடையாளம் இல்லை. அடுத்த ஆண்டு அதே நிதியத்தின் இன்னொரு ஆய்வு இப்படிக் கணக்கிட்டது: மேல் 20 சதவீதத்தாரின் வருமானப் பங்கு ஒரு புள்ளி கூடினால் அடுத்த ஐந்தாண்டு வளர்ச்சி 0.08 புள்ளி குறைகிறது. கீழ் 20 சதவீதத்தாரின் பங்கு ஒரு புள்ளி கூடினால் 0.38 புள்ளி கூடுகிறது. இவை நாடுகளுக்கு இடையிலான ஒப்பீடுகள். ஏற்றத்தாழ்வு குறைவதும் வளர்ச்சியும் சேர்ந்து நடந்தன என்பதற்குச் சான்று உண்டு. ஒன்றால்தான் மற்றது நடந்தது என்று அடித்துச் சொல்ல அது போதாது. ஆனால் "பங்கிட்டால் வளர்ச்சி நின்றுவிடும்" என்ற பயத்துக்குத் தரவில் இடமில்லை என்பது மட்டும் தெளிவு.

ரேஷன் பை வளர்ச்சியைத் தொடும் வழிகளில் முதலாவது எளிது. மிச்சமாகும் ஆயிரம் ரூபாய் வங்கியில் தூங்காது. பால், முட்டை, டியூஷன், செல்போன் ரீசார்ஜ், சீட்டுத் தவணை என்று அந்த வாரமே அந்தத் தெருவிலேயே செலவாகிவிடும். அதே ஆயிரம் மேல்தட்டில் இருந்தால் பெரும்பகுதி சேமிப்பாகவோ தங்கமாகவோ போகும். தெருமுனைக் கடைக்கு வியாபாரம் வேண்டுமானால் பணம் கீழே இருக்க வேண்டும்.

இரண்டாவது வழிதான் இன்னும் முக்கியம் என்பது எங்கள் கருத்து. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. வீட்டில் அரிசி இருக்கிறது என்ற உறுதி, கிடைத்த கூலிக்குத் தலையாட்ட வேண்டிய கட்டாயத்தைத் தளர்த்துகிறது. 300 ரூபாய்க்கு வரச் சொல்பவரிடம் "400 கொடுத்தால் வருகிறேன்" என்று சொல்ல முடிகிறது. மகளைப் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தாமல் பாலிடெக்னிக் அனுப்ப முடிகிறது. ஊரைவிட்டுத் திருப்பூருக்கோ ஓசூருக்கோ போய் வேலை தேடும் ஒரு மாதத்துக்கு வீடு பட்டினி கிடக்காது. ஆள் கிடைப்பதில்லை என்று நிலவுடைமையாளர் சொல்லும் குறைக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இதுதான். கூலி உயரும்போது அறுவடை இயந்திரம் வருகிறது, ஒருவரின் உழைப்பிலிருந்து கிடைக்கும் உற்பத்தி கூடுகிறது. இதற்கு வளர்ச்சி என்றுதான் பெயர்.

"சோம்பேறி ஆக்கிவிட்டது" என்பதற்கும் ஒரு பதில் வேண்டும். அரசின் தொழிற்சாலை ஆண்டாய்வில் தொழிற்சாலைகளின் எண்ணிக்கையிலும் அவற்றில் வேலை செய்வோர் எண்ணிக்கையிலும் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. 2019-20 ஆய்வில் நாட்டின் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்களில் 43 சதவீதம் பேர் இந்த ஒரு மாநிலத்தில் இருந்தார்கள். 2024-25-இல் விலைவாசி ஏற்றத்தைக் கழித்த மாநில வளர்ச்சி 11.19 சதவீதம். இவ்வளவும் ரேஷன் அரிசியால் வந்தது என்று சொல்லவில்லை. துறைமுகம், மின்சாரம், பள்ளி, பொறியியல் கல்லூரி எல்லாம் சேர்ந்த விளைவு அது. ஆனால் இலவச அரிசி உழைப்பைக் கொன்றிருந்தால் இந்த எண்கள் வந்திருக்காது.

கடையில் நடப்பதற்கு வருவோம். முதல் குறை எடை. கிடங்கிலிருந்து 50 கிலோ மூட்டை இறங்கும்போதே ஒன்றிரண்டு கிலோ குறைகிறது என்பது விற்பனையாளர்கள் நெடுநாளாகச் சொல்லும் புகார். கொக்கி குத்திச் சிந்துவது, ஈரம் காய்வது, சாக்கின் எடை, இடையில் எடுப்பது என்று காரணங்கள் பல. ஆய்வுக்கு வரும் அதிகாரி இருப்புக் குறைவுக்கு விற்பனையாளரிடம் அபராதம் வசூலிப்பார். அந்தப் பயத்தில் அட்டைக்குக் கால் கிலோ, அரைக் கிலோ என்று அவர் கை வைக்கிறார். ஆக, கிடங்கில் விழுந்த ஓட்டையை அடைப்பது கடைசி வரிசையில் நிற்கும் அட்டைதாரர். இதற்காகத்தான் மின்னணுத் தராசை விற்பனை முனையக் கருவியோடு புளூடூத் வழியே இணைக்கும் ஏற்பாடு வந்தது. ஒவ்வொரு பொருளும் சரியான எடைக்கு வந்தால்தான் ரசீது அடிக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் ஓர் அட்டைக்கு ஆகும் நேரம் கூடிவிட்டது. கிடங்கிலும் இதே கண்டிப்போடு எடைபோட்டு அனுப்பாவிட்டால் விற்பனையாளரின் சுமை குறையாது.

இரண்டாவது, கைரேகை. பொருள் வாங்க வருபவர் கருவியில் விரல் வைத்து அடையாளம் காட்ட வேண்டும். சிமெண்ட் குழைப்பவர், பாத்திரம் துலக்குபவர், பீடி சுற்றுபவர், வயதானவர் ஆகியோரின் விரல்ரேகை தேய்ந்திருக்கும். எந்தக் கையால் உழைக்கிறார்களோ அந்தக் கையையே கருவி ஏற்காது. விரலைத் துடைத்து வேறு விரல் வைத்துப் பார்க்கலாம். கண் கருவிழிக் கருவி உள்ள கடையில் அதைக் கேட்கலாம். அட்டையிலுள்ள இன்னொருவரை அனுப்பலாம். வர இயலாத முதியவர் படிவம் எழுதிக் கொடுத்து வேறொருவரை நியமிக்கலாம். முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுபோகும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்ட் 12-இல் தொடங்கியது. மறுபங்கீட்டில் கடைசி நூறு மீட்டர்தான் கடினம் என்று உணர்ந்து செய்த வேலை அது.

மூன்றாவது, இருப்பு. பருப்பும் பாமாயிலும் அட்டை எண்ணிக்கைக்கு முழுதாக ஒதுக்கப்படாமல் வரும் மாதங்கள் உண்டு. கடைசி வாரம் போனால் "முடிந்துவிட்டது" என்பார்கள். பத்தாம் தேதிக்குள் போவது நல்லது. மாதத்தின் முதல் இரண்டு ஞாயிறும் கடை உண்டு, அதற்கு ஈடாக முதல் இரண்டு வெள்ளி விடுமுறை. கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த ஞாயிறுகள் வசதி. பதிவு செய்த எண்ணிலிருந்து ஆங்கிலத்தில் பிடிஎஸ் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு 101 சேர்த்து 9773904050 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் இருப்பு தெரியும். 102 போட்டால் கடை திறந்திருக்கிறதா என்று தெரியும். வாங்காத பொருளுக்கு வாங்கியதாகச் செய்தி வந்தால் 107 போட்டு அனுப்ப வேண்டும். இதை யாரும் சோம்பலால் விட்டுவிடக் கூடாது. அப்படி எழுதப்படும் அரிசிதான் மாவு மில்லுக்கும் பக்கத்து மாநிலத்துக்கும் லாரி ஏறுகிறது. புகாருக்கு 1967.

உப்பு, தேயிலை, சோப்பு வாங்கினால்தான் சர்க்கரை என்று சொன்னால் மறுத்துவிடலாம். அவை கட்டுப்பாடற்ற பொருட்கள், வாங்குவது உங்கள் விருப்பம். அரிசியில் மிதக்கும் சற்று வேறு நிற மணிகள் பிளாஸ்டிக் அல்ல. 100 கிலோவுக்கு ஒரு கிலோ வீதம் கலக்கும் செறிவூட்டப்பட்ட மணிகள் அவை. இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் பி12-உம் அதில்தான் இருக்கின்றன. களையும்போது பொறுக்கி எறியாதீர்கள்.

புது அட்டை வாங்குவதில் ஒரு சிக்கல் அடிக்கடி வரும். திருமணமானவர்கள் இருவர் பெயரும் பெற்றோர் அட்டைகளிலிருந்து நீங்கியிருக்க வேண்டும், தனிச் சமையல் இருக்க வேண்டும். ஒரே வீட்டில் மாடியும் கீழுமாக இருப்பவர்களின் விண்ணப்பம் கள ஆய்வில் தள்ளுபடியாவது இதனால்தான். முன்னுரிமை அட்டைக்கு மாறுவது இன்னும் கடினம். அந்த அட்டையில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற ஒன்றிய அரசின் உச்சவரம்பு 2011 மக்கள்தொகைக் கணக்கில் நிற்கிறது.

இப்போது பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. உணவு மானியத்துக்கு மாநிலம் ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடிக்கு மேல் ஒதுக்குகிறது. வருமான வரி விதிக்கும் அதிகாரம் ஒன்றியத்திடம். மாநிலத்தின் கையில் இருப்பவை சரக்கு சேவை வரிப் பங்கு, பெட்ரோல் டீசல் வரி, பத்திரப் பதிவு, மது. 2024-25-இல் டாஸ்மாக் வழியாக வந்த வருவாய் 48,344 கோடி ரூபாய். அதில் ஒரு பகுதி நாள்கூலி வாங்குபவரின் சட்டைப்பையிலிருந்து வந்தது. ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள பையை மனைவியிடம் கொடுத்துவிட்டு அதைவிடக் கூடுதலாகக் கணவரிடம் வாங்கிக்கொண்டால் அந்தக் குடும்பத்துக்கு நடந்தது மறுபங்கீடு அல்ல. இன்னொரு பக்கம், 2022-23-இல் நாட்டின் வருமானத்தில் 22.6 சதவீதமும் சொத்தில் 40.1 சதவீதமும் மேலே உள்ள ஒரு சதவீதத்தாரிடம் இருந்ததாக உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் கணக்கிட்டது. அந்தச் சொத்தை ரேஷன் கடை தொடுவதில்லை, தொடவும் முடியாது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் மாநிலத்தின் வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி. கடன் வாங்கி இன்றைய செலவை ஓட்டினால் நாளைய பாலத்துக்கும் பள்ளிக்கும் கை கட்டப்படும். மறுபங்கீடு வளர்ச்சியைக் கெடுக்கக்கூடிய உண்மையான வழி இதுதான். வரிசையில் நிற்பவரின் சோம்பல் அல்ல.

அரிசிக்குப் பதில் பணமாகவே கொடுத்துவிடலாமே என்பாரும் உண்டு. 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் ரூபாய், ஏறக்குறைய ரேஷன் பையின் மதிப்பு. பெண்ணின் கைக்கு நேராகப் போவதும், எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கலாம் என்பதும் அதன் பலம். ஆனால் விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் அந்த ஆயிரம் ஐந்தாண்டில் 783 ரூபாய்க்குத்தான் பொருள் வாங்கும். தொகையை யாராவது உயர்த்தினால்தான் உண்டு. 20 கிலோ அரிசி எந்த விலையிலும் 20 கிலோதான். இரண்டும் வேண்டும், ஒன்றை நிறுத்தி மற்றதைக் கொடுப்பது ஏழைக்கு நட்டம்.

மாற்ற வேண்டியது பையின் உள்ளடக்கம். நால்வர் குடும்பத்துக்கு 20 கிலோ அரிசி என்பது தலைக்கு நாளொன்றுக்கு 167 கிராம். ஒரு வேளைக்குச் சற்று மேல் வரும், பரவாயில்லை. ஒரு கிலோ பருப்பு தலைக்கு நாளொன்றுக்கு 8 கிராம். சாம்பாரில் கரைந்து காணாமல் போகும் அளவு. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். வயிறு நிறைந்தும் உடம்பு தேறாத நிலை இது. பத்து மணி நேரம் தையல் இயந்திரத்தில் உட்கார வேண்டிய பெண்ணின் உழைப்புத் திறனையும் வகுப்பில் உட்காரும் பிள்ளையின் கவனத்தையும் அது நேராகத் தின்கிறது.

பருப்பை இரண்டு கிலோவாக்கினால் என்ன செலவு? கூடுதல் கிலோவுக்கு மானியம் 90 ரூபாய் என்று கொண்டு, 2 கோடியே 20 லட்சம் அட்டையும் தவறாமல் வாங்குவதாகவே வைத்தால் மாதம் 198 கோடி, ஆண்டுக்கு 2,376 கோடி ரூபாய். எப்பொருளும் வேண்டாதவர்களையும் வாங்காமல் விடுபவர்களையும் கழித்தால் இன்னும் குறையும். டாஸ்மாக் வருவாயில் இது ஐந்து சதவீதம்கூட இல்லை.